தாத்தாவுக்குச் சளி பிடிச்சிருக்கா?

போன வாரம் அரியர் சோகத்தைப் புலம்பித் தள்ளினதுக்குப் பாதிப் பேர், ‘நானும்தான் பாஸ்’னு சொன்னீங்க பாருங்க... நெஞ்சு நிறைஞ்சு போச்சு. இந்த வாரம் அரியர் கிடையாது. ஒரு டிவிடி. அதுவும் எங்க அப்பா, அம்மா கல்யாண டிவிடி!

சிரிக்காதீங்க. உங்க வீட்டு பீரோவுலயும் நிச்சயம் ஒண்ணு தூங்கும். மாப்பிள்ளை, பொண்ணு முகம் ரெண்டும் ஹார்ட்டுக்குள்ள சுத்திச் சுத்தி வந்து, ரோஜாப்பூ வெடிச்சுச் சிதறி, நடுவுல பேர் எழுதி வருமே... அதே அயிட்டம்தான். எங்க வீட்டுது 2003-ல நெய்வேலியில எடுத்தது. அப்போ கேசட். 2007-ல ஒரு ஸ்டுடியோவுல கொடுத்து டிவிடியா மாத்தினோம். மெனுவெல்லாம் போட்டு அமர்க்களம் பண்ணியிருந்தாங்க. இடது பக்கம் மூணு பட்டன்: நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம். வலது பக்கம் மூணு: நலங்கு, ரிசப்ஷன், குடும்பப் படங்கள். ரிமோட்டை அமுக்க அமுக்க ஒரு குட்டிக் குத்துவிளக்கு ஒவ்வொரு பேர் பக்கத்துலயும் போய் எரியும்.

மொத்தம் 112 நிமிஷம். அதுல 111 நிமிஷத்துக்கு மேல சினிமாப் பாட்டுதான் ஓடும். ஒரிஜினல் சத்தம் இருக்கிறது ஒரே ஒரு இடத்துல. ரிசப்ஷன்ல எங்க தாத்தா மைக்கைப் பிடிச்சு 40 செகண்ட் பேசுவார். “நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுத் தூங்காமக்கூட வந்திருக்கீங்க. சாப்பிடாம யாரும் போகக் கூடாது”ன்னு முடிப்பார். தாத்தா மைன்ஸ்ல வேலை பார்த்தவர். 2012-ல தவறிட்டார். எனக்கு அப்போ ஏழு வயசு. அவர் குரல்னு எங்க வீட்டுல மிச்சம் இருக்கிறது அந்த 40 செகண்ட்தான். அவர் இருந்த க்வார்ட்டர்ஸ் வாசலும் அந்த டிவிடியிலதான் இருக்கு. ரிட்டயர் ஆனதும் சாவியை ஒப்படைச்சுட்டு வந்தாச்சே!

ஆயா (அப்பாவைப் பெத்தவங்க) தினம் மத்தியானம் அதைப் போட்டுப் பார்ப்பாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச டெக்னாலஜி ஒண்ணே ஒண்ணு: “கீழ நாலு, அப்புறம் ஓகே.” கீழ் அம்புக்குறியை நாலு தடவை அமுக்கினா விளக்கு ரிசப்ஷன்ல போய் நிக்கும். ஓகே. தாத்தா வருவார். “சாப்பிடாம யாரும் போகக் கூடாது”ம்பார். உடனே ஆயா டிவியைப் பார்த்து, “மொதல்ல நீங்க சாப்பிடுங்க”ன்னுவாங்க. அன்னிக்கு நாலு மணி வரைக்கும் அவர் சாப்பிடலையாம். இருபது வருஷக் கோபம்!

போன வருஷம் ஆயா, நியூஜெர்சியில இருக்கிற அத்தை வீட்டுக்கு ஆறு மாசம் போனாங்க. ஊறுகாய், கருவாட்டுப் பொடி, கூடவே இந்த டிவிடி. அங்கே ப்ளேயர்ல போட்டா... ‘இந்த டிஸ்க் ஓடாது’ன்னு ஒரே வரி. அத்தைக்கும் வருத்தம். முகூர்த்தத்துல நாத்தனார் முடிச்சு போட்டது அவங்கதானே! “நீ இன்ஜினீயரிங் படிக்கிறல்ல... ஏதாவது பண்ணுடா”ன்னு போன் வந்தது. மெக்கானிக்கல் படிக்கிறவன்கிட்ட டிவி ரிப்பேர் கேக்கிறது நம்ம ஊர் வழக்கம்தானே. சரின்னு இறங்கினேன்.

“எம்பி4-ஆ மாத்தி வாட்ஸ்அப்ல அனுப்ப வேண்டியதுதானே?”ன்னு நீங்க கேக்கிறது காதுல விழுது. அனுப்பினேன். அத்தை பார்த்தாங்க. ஆயா தொடவே இல்லை. அவங்களுக்கு வேணும்கிறது வீடியோ மட்டும் இல்லை பாஸ், அந்த ‘கீழ நாலு, ஓகே’.

முதல்ல எல்லாரும் குழப்பிக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். டிவிடியில ரீஜன் கோடுன்னு ஒண்ணு உண்டு. அமெரிக்கா 1, இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3. அது கம்பெனிக்காரங்க பூட்டுற பூட்டு. ஸ்டுடியோவுல எழுதித் தர்ற கல்யாண டிவிடியில பொதுவா அந்தப் பூட்டு இருக்காது. எங்க பிரச்னை வேற. அதுக்குப் பேர் பால். ஆவின் பால் இல்லை, ‘ஃபேஸ் ஆல்டர்னேட்டிங் லைன்’! ஜெர்மனியில டெலிஃபுங்கன் கம்பெனியில வால்டர் ப்ரூக் 1960-கள்ல உருவாக்கின கலர் டிவி முறை. 1982-ல டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி தூர்தர்ஷன் கலருக்கு மாறினப்ப இதைத்தான் எடுத்துக்கிச்சு. அமெரிக்கா, கனடா, ஜப்பானோடது என்.டி.எஸ்.சி. 1953-லேயே கலர் காட்டின சீனியர். நிறம் அப்பப்போ மாறிடும்கிறதால, ‘நெவர் த சேம் கலர்’னு இன்ஜினீயர்களே அதை ஓட்டுவாங்க.

ஒரு சுவாரஸ்யம். இலங்கையில ரூபவாஹினி 1982-ல ஜப்பான் உதவியில வந்தது. ஆனா முறை மட்டும் பால்தான். அதனால யாழ்ப்பாணத்துல எடுத்த கல்யாண கேசட் லண்டன்ல பிரச்னை இல்லாம ஓடும். அதே கேசட் டொரன்டோ சித்தி வீட்டுக்குப் போனா படுத்துடும். கேசட் காலத்துல இதுக்குன்னே துட்டு வாங்கிட்டு மாத்திக் கொடுக்கிற கடைகள் இருந்தன. வளைகுடாவுல இருந்து வர்ற மாமாக்கள் ‘மல்டி சிஸ்டம் டெக்’னு பெருமையா இறக்கினது இந்தப் பஞ்சாயத்துக்குத்தான். நம்ம பக்கத்து டிவிடி ப்ளேயர்கள் பெரும்பாலும் ரெண்டையும் ஓட்டிடும். அமெரிக்கப் ப்ளேயர்கள் பல, பாலைத் தொடாது. அதனாலதான் வெளிநாட்டுத் தமிழர்களை நம்பி வந்த தமிழ்ப் பட டிவிடிகள் பலதும் என்.டி.எஸ்.சி-யிலேயே வந்தன.

என்ன வித்தியாசம்? பால்ல படத்துக்கு 576 கோடு, வினாடிக்கு 25 ஃப்ரேம். என்.டி.எஸ்.சி-யில 480 கோடு, 29.97 ஃப்ரேம். ஏன் 25, ஏன் 30? இங்கதான் நம்ம ஊர் உள்ளே வருது. பழைய டிவிகள்ல ஒரு ஃப்ரேமை ரெண்டு பாதியாப் பிரிச்சு அனுப்புவாங்க. ஒற்றைப்படைக் கோடு ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடு அடுத்த தடவை. அந்தப் பாதிக்குப் பேர் ஃபீல்டு. ஆக வினாடிக்கு 50 ஃபீல்டு. வீட்டுக் கரன்ட்டும் 50 ஹெர்ட்ஸ்! ரெண்டும் ஒத்துப்போகலைன்னா அந்தக் காலத்து டிவியில ஒரு பட்டை மேலயும் கீழயும் ஊர்ந்துக்கிட்டே இருக்கும். அதனால எந்த நாட்டுல கரன்ட் எப்படியோ, டிவியும் அப்படியே. அமெரிக்கக் கரன்ட் 60 ஹெர்ட்ஸ். (கலர் வந்தப்ப சிக்னல் சிக்கலைத் தவிர்க்க 60-ஐ 59.94-ஆ ஒரு இழை குறைச்சாங்க. அந்த இழைதான் என்னை மாதிரி ஆளுங்க உயிரை இன்னிக்கும் எடுக்குது.) உங்க வெப்கேம் செட்டிங்ஸைத் திறந்து பாருங்க, 50 ஹெர்ட்ஸா 60-ஆன்னு இன்னமும் கேக்கும்.

இப்போ நெய்வேலி. 1962-ல சோவியத் உதவியோட ஓட ஆரம்பிச்சு, 2020-ல ஓய்வு பெற்ற முதல் அனல் மின் நிலையம் இருக்கே, அது மாதிரி நிலையங்கள்ல டர்பைன் நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்தும். அறுபதால வகுங்க. வினாடிக்கு 50! அமெரிக்காவுல அது 3,600. தாத்தா காலம் முழுக்க வெட்டி அனுப்பின பழுப்பு நிலக்கரியில சுத்தின டர்பைன் கணக்குலதான், தாத்தாவோட படமும் வினாடிக்கு அம்பது துண்டா டேப்புல ஏறியிருக்கு. ஆபரேட்டரா இருக்கிற எங்க பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். “அதெல்லாம் இருக்கட்டும், அரியர் என்னாச்சு?”ன்னார்.

சரி, வேலைக்கு வருவோம். டிவிடியைக் கம்ப்யூட்டர்ல போட்டு, முதல்ல முழு டிஸ்க்கையும் அப்படியே ஐ.எஸ்.ஓ. ஃபைலா எடுத்து வெச்சேன். நீங்களும் இதை முதல்ல பண்ணிடுங்க. எழுதின டிவிடியில இருக்கிற சாயம் வருஷம் ஆக ஆக வெளுக்கும். என்னோடதுலயே குடும்பப் படங்கள் பகுதியில ரெண்டு இடம் திக்கித் திணறித்தான் படிச்சது. தப்பிச்சேன்.

அடுத்து நெட்டுல மேய்ஞ்சேன். ‘பாலை என்.டி.எஸ்.சி. ஆக்க படத்தை 25-ல இருந்து 23.976-க்கு மெதுவாக்கு, சத்தத்தையும் அதே அளவு மெதுவாக்கு’ன்னு ஒரு ரெசிபி. ராத்திரியெல்லாம் லேப்டாப்பை ஓடவிட்டு, ஃபைலை நியூஜெர்சிக்கு அனுப்பி, அத்தை பையன் அதை டிஸ்க்ல எழுதிட்டான். வீடியோ கால்ல எல்லாரும் உக்காந்தோம். படம் வந்தது. நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். தாத்தா பேசினார்.

ஆயா ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, “தாத்தாவுக்குச் சளி பிடிச்சிருக்கா தம்பி?”ன்னாங்க.

எனக்கு வித்தியாசமே தெரியலை. அத்தைக்கும் தெரியலை. ஆனா ஆயா, “இது அவர் குரல் இல்லப்பா”ன்னுட்டாங்க. ‘மொதல்ல நீங்க சாப்பிடுங்க’ளையும் அன்னிக்குச் சொல்லலை.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். 112 நிமிஷ டிவிடி கிட்டத்தட்ட 117 நிமிஷமா நீண்டிருந்தது! எங்கே தப்பு? அந்த ரெசிபி சினிமாவுக்கானது. சினிமா வினாடிக்கு 24 ஃப்ரேம். பால் டிவிக்கு 25 வேணும். அதனால பால் டிவிடியில படத்தைக் கொஞ்சம் வேகமாவே ஓட்டிடுவாங்க. 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்துல முடிஞ்சிடும். சுருதியைத் தனியாத் திருத்தலைன்னா பாட்டு ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிடும். ஒரு கட்டையில பாடினவர் ஒண்ணரைக் கட்டையைத் தொடப் பார்ப்பார். (அமெரிக்காக்காரன் வேகத்தைத் தொட மாட்டான். ஒரு ஃப்ரேமை ரெண்டு ஃபீல்டு, அடுத்ததை மூணு ஃபீல்டுன்னு மாத்தி மாத்திக் காட்டி 24-ஐ 60 ஆக்கிடுவான்.) ஆக, வேகமாக்கின சினிமாவைத் திரும்ப மெதுவாக்கினா, அது பழைய நிலைக்கு வரும். அது வைத்தியம். ஆனா கல்யாண வீடியோ கேமராவுல எடுத்தது. அதை யாரும் வேகமாக்கவே இல்லை. அதைப் போய் மெதுவாக்கினா? தாத்தா குரல் அரைக் கட்டைகிட்ட இறங்கிடுச்சு. 4 சதவிகிதம்தான். நாப்பது செகண்ட் பேச்சு நாப்பத்தொண்ணே முக்கால் செகண்ட். பதிமூணு வருஷமா அந்தக் குரலைத் தினம் கேக்கிற காதுக்கு அது போதும்.

ரெண்டாவது ரவுண்டு. இந்தத் தடவை நேரத்தைத் தொடக் கூடாது, சத்தத்தோட சுருதியைத் தொடக் கூடாதுன்னு சத்தியம். ‘எஃப்எஃப்எம்பெக்’னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுலதான் எல்லாம். முதல்ல 50 ஃபீல்டையும் 50 முழு ஃப்ரேமா விரிக்கணும். அதுக்கப்புறம்தான் 576 கோட்டை 480-ஆக் குறைக்கணும். வரிசை மாத்தினீங்க, செத்தீங்க. ஒற்றைக்கோடும் இரட்டைக்கோடும் ஒண்ணோட ஒண்ணு கலந்து, அசையற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். எந்தப் பாதி முதல்ல வருதுங்கிறதையும் சரியாச் சொல்லணும். தப்பாச் சொல்லிட்டு ஓட்டினேன், அம்மா மணவறையைச் சுத்தி வரும்போது ரெண்டடி முன்னால, ஓரடி பின்னாலன்னு டான்ஸ் ஆடினாங்க. (அம்மாகிட்ட காட்டலை.)

அப்புறம் 50-ஐ 59.94 ஆக்கணும். அஞ்சு படத்துக்கு ஆறு. அந்த ஆறாவது எங்கிருந்து வரும்? இருக்கிறதையே ரெண்டு தடவை காட்டலாம், அசைவு தெத்தித் தெத்தி வரும். பக்கத்துப் படங்களைக் கலந்து பண்ணலாம், லேசா நிழல் விழும். இல்லைன்னா நடுவுல என்ன நடந்திருக்கும்னு கம்ப்யூட்டரையே யூகிக்கச் சொல்லலாம். நான் ஆசைப்பட்டு அதை ஓட்டிப் பார்த்தேன். அட்சதை தூவுற சீன்ல அரிசியெல்லாம் உருகி விரலோட ஒட்டிக்கிச்சு. திகில் படம்! பேசாம கலப்பு முறைக்கே வந்துட்டேன். லேசான நிழல் ஆயா கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் எல்லாம் தெரியும்னு ஒரு கணக்கு. கடைசியா, அதைத் திரும்ப ஃபீல்டு ஃபீல்டா மடிச்சா என்.டி.எஸ்.சி. ரெடி.

சத்தத்துல ஒரு சின்னக் கண்ணி. எங்க டிவிடியில சத்தம் எம்பி2. பால் டிஸ்க்ல அது ஓகே. என்.டி.எஸ்.சி. டிஸ்க்ல டால்பியோட ஏசி3, இல்லைன்னா பி.சி.எம். கட்டாயம் ஒண்ணு இருக்கணும். மாத்தலைன்னா சில ப்ளேயர்ல தாத்தா ஊமைப் படமாயிடுவார்.

இப்போதான் மெனு. நான் அசால்ட்டா நினைச்சது இதைத்தான், என்னை அசிங்கப்படுத்தினதும் இதுதான். டிவிடியைத் திறந்தா வி.ஓ.பி., ஐ.எஃப்.ஓ.-ன்னு ஃபைல்கள் இருக்கும். வி.ஓ.பி.-யில படமும் சத்தமும். ஐ.எஃப்.ஓ.-வுல ‘எது எங்கே இருக்கு’ங்கிற முகவரிக் கணக்கு. படத்தைப் புதுசா மாத்தினா அளவு மாறும், முகவரி எல்லாம் தப்பாயிடும். ஒரே டிஸ்க்ல படம் என்.டி.எஸ்.சி., மெனு பால்னு கலப்புத் திருமணமும் செய்ய முடியாது. ஆக, மெனுவை முழுசாப் பிரிச்சுத் திரும்பக் கட்டணும். ‘டிவிடி ஆதர்’னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அதுகூடவே வர்ற ‘டிவிடி அன்ஆதர்’ பிரிச்சுக் கொடுக்கும், ‘ஸ்பூமக்ஸ்’ பட்டனை ஒட்டும்.

மெனுவுல பின்னணிப் படம் ஒரு லேயர். அதுல ‘முகூர்த்தம்’ங்கிற எழுத்து வெறும் படம்தான். அந்தக் குத்துவிளக்கு தனி லேயர். எந்த இடத்துல எரியணும்னு கோடு கணக்குல எழுதியிருக்கும். பின்னணியை 480-க்குச் சுருக்கிட்டேன். (முகமெல்லாம் சப்பையாயிடுமோன்னு பயப்படாதீங்க. 576-ஓ 480-ஓ, டிவி அதே சைஸ் திரையிலதான் விரிச்சுக் காட்டும். ஓரத்தை வெட்டாம இருந்தா போதும்.) ஆனா விளக்கோட கணக்கை மறந்துட்டேன். முகூர்த்தம் விளக்கு 396-வது கோட்டுல, எழுத்து இப்போ 330-ல. விளக்கு அந்தரத்துல தொங்குது! எல்லாத்தையும் ஆறால வகுத்து அஞ்சால பெருக்கினேன். 180 போய் 150, 288 போய் 240, 396 போய் 330. விளக்கையும் அதே மாதிரி சுருக்கினா, ஓரத்தை வழவழப்பாக்கறேன்னு சாஃப்ட்வேர் புதுசா பத்து நிறத்தைச் சேர்த்து வெச்சிருச்சு. அந்த லேயர்ல நாலு நிறத்துக்கு மேல அனுமதியே கிடையாது. ஸ்பூமக்ஸ் ‘முடியாது போ’ன்னுடுச்சு. வழவழப்பெல்லாம் வேணாம், மொட்டையா சுருக்குன்னு சொன்னப்புறம்தான் வழிக்கு வந்தது.

ரெண்டாவது டிஸ்க் போச்சு. குரல் சரியா இருக்குன்னு அத்தை சொன்னாங்க. விளக்கும் எழுத்துப் பக்கத்துலயே எரியுது. ஆனா ஆயா, “மாப்பிள்ளை அழைப்பு ஓடுது, அவரைக் காணோம்”ங்கிறாங்க!

மண்டையைப் பிச்சுக்கிட்டேன். மேலே அமுக்கினா எங்கே, கீழே அமுக்கினா எங்கேன்னு ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியா எழுதியிருக்கும். அந்த ஸ்டுடியோக்காரர் இடது பக்கம் மூணாவதுக்குக் கீழே அமுக்கினா வலது பக்கம் முதல் பட்டனுக்குப் போற மாதிரி வெச்சிருந்தார். நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டி, இடது வரிசையைத் தனியா சுத்த விட்டுட்டேன். கீழ நாலு அமுக்கினா விளக்கு ஒரு சுத்து சுத்திட்டு மாப்பிள்ளை அழைப்புலதான் நிக்கும். வலதுபக்க அம்பை அமுக்கச் சொல்லலாமேன்னு அத்தை பையன் ஐடியா கொடுத்தான். எழுபத்தாறு வயசு ஆயாவை மாத்தறதைவிட ஆறு வரியை மாத்தறது ஈஸின்னு தோணுச்சு. பழைய டிஸ்க்ல இருந்த வழியைப் பட்டன் பட்டனாப் பார்த்து அப்படியே எழுதினேன். ஆறுக்குக் கீழே திரும்ப ஒண்ணு. டிஸ்க் போட்டதும் விளக்கு முதல் பட்டன்லதான் எரியணும்கிறதையும் சேர்த்தேன்.

உங்க வீட்டு டிவிடிக்கு இதெல்லாம் பண்ணப் போறீங்கன்னா, ஒரிஜினல் மெனுவோட ஐ.எஸ்.ஓ. பத்திரம். எம்பி4 மட்டும் எடுத்து வெச்சுட்டு டிஸ்க்கைத் தூக்கிப் போட்டா மெனு போனது போனதுதான். எழுதும்போது வேகத்தைக் குறைச்சு எழுதுங்க. கடையில வாங்கின படத்தோட பூட்டை உடைக்கிற கதை வேற, அங்கே சட்டம் பேசும், நான் பேச மாட்டேன்.

மூணாவது டிஸ்க். நமக்கு விடியற்காலை, அவங்களுக்கு சாயங்காலம். அத்தை போனை டிவி பக்கம் திருப்பி வெச்சாங்க. ஆயா ரிமோட்டைக் கையில எடுத்து, கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு, வாய்விட்டு எண்ணினாங்க. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு. விளக்கு ரிசப்ஷன்ல நின்னுச்சு. ஓகே.

தாத்தா மைக்கைத் தட்டிப் பார்த்தார். நைட் ஷிஃப்ட்காரங்களுக்கு நன்றி சொன்னார். சாப்பிடாம யாரும் போகக் கூடாதுன்னார்.

“மொதல்ல நீங்க சாப்பிடுங்க”ன்னாங்க ஆயா.